பொங்கியண்ணனின் தட்டுப்போர்

மழைக்கும் எங்கள் ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்லாங்காட்டுப்புதூர் என்று பெயர். பேருந்து நடத்துநர் அதைக்கூட முழுசாகச் சொல்ல மாட்டார், 'கல்லாங்காடு எறங்கு' என்பார். கிணறு வெட்டினால் பாறை, பாறைக்குக் கீழே இன்னொரு பாறை. அதனால் மாடு தேற்றிப் பிழைக்கிறோம். ஏர் இழுத்து ஓய்ந்ததும், பல் போனதும், விலா எலும்பு வெளியே தெரிய நிற்பதுமான உருப்படிகளைச் சந்தையிலிருந்து ஓட்டி வந்து, கொறங்காட்டில், அதாவது கிளுவை வேலி போட்டு உழாமல் விட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப்புல் இருக்கும்வரை மேயவிட்டு, புல் தீர்ந்தால் வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காயைப் பொறுக்கிப் போட்டு, காயும் தீர்ந்தால் கதிர் அறுத்தபின் மிஞ்சுகிற சோளத்தட்டு, கடலைக்கொடி, கொள்ளுப்பொட்டு என்று எங்கள் வாய்க்கு ஆகாதது எதுவோ அதையெல்லாம் உப்புத்தண்ணீர் தெளித்து அள்ளிப் போட்டு, வாலடியில் சதை உருண்டு தோல் எண்ணெய் பூசினாற்போல மின்னுகிறபோது லாரி ஏற்றி மேற்கே அனுப்புவோம். மேற்கே என்றால் கணவாய்க்கு அந்தப் பக்கம். அங்கே என்ன ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு எங்கள் ஊரில் மூன்று சட்டம். தேற்றுகிற மாட்டுக்குப் பெயர் வைக்காதே. விற்றால் மாட்டைக் கொடு, கயிற்றைக் கொடுக்காதே. சாவு விழுந்த வீட்டின் மாட்டுக் கட்டுத்தரையைப் பட்டினி போடாதே, வீட்டுக்கு ஒரு கட்டுத் தட்டு கொண்டுபோய்ப் போடு. முதல் சட்டத்தை மறந்தோம், மூன்றாவதை நினைத்துக்கொண்டோம். அவ்வளவுதான் கதை. விவரம் வேண்டுமென்றால் மேலே கேளுங்கள்.

பொங்கியண்ணன் நெட்டையன். எங்கள் ஊர் வீட்டு நிலைப்படிகள் குட்டை. பிள்ளைப் பிராயத்திலிருந்து நெற்றியில் வாங்கி வாங்கி, எதற்கும் குனிகிற பழக்கம் வந்துவிட்டது அவனுக்கு. நிலா தலைக்கு நேராக வந்தால்கூடக் குனிவான் என்று கேலி பேசுவோம். வீட்டுப் படலுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவான். கஞ்சியை வாயில் வைத்ததும் 'உப்புப் பத்துல' என்பான். எவ்வளவு போட்டாலும் பத்தாது. சாயங்காலமானால் மேற்கே திரும்பி மூக்கை உறிஞ்சி மழை வருமா என்று பார்ப்பான். வராது. நாளைக்கும் பார்ப்பான். அவன் பெண்டாட்டி பாவாயி. குழந்தை குட்டி இல்லை. ஒரு துண்டு மானாவாரிக் காடு இருந்தது.

அந்தத் தையில் விதைச்சோளத்தையும் கலப்பையையும் பாவாயியின் காதுத்தோட்டையும் விற்று ஓர் எருதை ஓட்டி வந்தார்கள். கணக்குப் போட்டது பொங்கியண்ணன். ஆவணிக்குள் தேற்றி அனுப்பினால் விதை திரும்பும், கலப்பை திரும்பும், புரட்டாசி மழைக்குக் காடு விதைக்கலாம். தவறினால் காடு தரிசு, இரண்டு பேருக்கும் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

மாசியில், மணி பிடிக்காமல் போன சோளத்தின் தட்டை அறுத்துக் கட்டிப் போர் போட்டார்கள். பாவாயி கீழே நின்று கட்டுகளை வீச, அவன் மேலே நின்று வாங்கி அடுக்கிக்கொண்டே போனான். போர் வட்டமாக, கோபுரம்போல எழுந்தது. உச்சியில் கயிறு போட்டு இறுக்கும்போது தட்டுக்குள் கிடந்த கட்டுவிரியன் அவன் கையைக் கடித்தது. அவன் அப்படியே உட்கார்ந்துகொண்டான். "இன்னொரு கட்டு மிச்சம் இருக்குதுங்க, வீசட்டுங்களா?" என்று பாவாயி கீழேயிருந்து கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு நாங்கள் ஏணி வைத்து ஏறி, அவன் கையிலிருந்த அந்தக் கயிற்றாலேயே அவனைக் கட்டி இறக்கினோம். அடக்கம் முடிந்ததும் வேறு கயிறு இல்லாததால் பாவாயி அதையே எருதுக்குத் தலைக்கயிறாகப் போட்டாள். வீசாமல் நின்ற அந்த ஒரு கட்டைப் போரில் சேர்க்காமல் வீட்டு மூலையில் சாத்தி வைத்தாள்.

எருது போரைத் தின்னத் தொடங்கியது.

விலா மறைந்து திமில் நிமிர்ந்த சமயம், ஒரு சாயங்காலம் கொறங்காட்டிலிருந்து திரும்பி வந்த எருது படலுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமியது. உள்ளே அடுப்பூதிக்கொண்டிருந்த பாவாயி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, வழியில் கிடந்த முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படலைத் திறந்தாள். எருது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தது. கஞ்சித்தண்ணீர் வைத்தாள், மூக்கால் தள்ளியது. ஒரு கை உப்பு போட்டாள், குடித்தது. இன்னொரு கை போட்டாள், உறிஞ்சிக் குடித்துவிட்டு மேற்கே திரும்பி நின்றது.

மறுநாள் தண்ணிக்குடம் எடுக்க வந்த இடத்தில், "எங்கூட்டுக்காரர் வந்துட்டாருங்" என்றாள். "அப்படியா? ஆளு எப்படி இருக்குறாப்ல?" என்று கேட்டார்கள். "தேறியிருக்காருங்" என்றாள்.

ஏன், எப்படி என்று என்னிடம் கேட்க வேண்டாம். அவன் உழுது, அவன் விதைத்து, அவன் களையெடுத்து, அவன் அறுத்து, அவன் கட்டி, அவன் அடுக்கி, அதன்மேலேயே அவன் செத்த தட்டு. அது சதையானால் வேறு யாராக ஆகும்? எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. நடைமுறைச் சிக்கல்கள்தான் நிறைய இருந்தன. பூசாரி கருமாதி முடிந்துவிட்டதே, அதைத் திருப்பி எடுப்பதா வேண்டாமா என்று குழம்பினார். நாவிதர் வந்து கத்தியைத் தீட்டிக்கொண்டு, "எங்கிருந்து எதுவரைக்கும் செரைக்கறதுங்கம்மா?" என்று கேட்டுத் திட்டு வாங்கிப் போனார். டீக்கடையில் அவனுக்கு வாளியில் டீ ஊற்றினார்கள், சர்க்கரை கம்மியாக, பழைய மாதிரியே. சீட்டு ஆடுகிற இடத்தில் தம்பி சென்னியப்பனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று சீட்டைப் பார்த்து மூச்சு விடுவான். சென்னியப்பன், "அண்ணா, சித்தெ தள்ளி நில்லு. உசுரோட இருக்கறப்பவும் இதே தொல்லை" என்பான்.

பொட்டு விஷயம்தான் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. புருஷன் வந்துவிட்டான், ஆகவே வைக்கலாம் என்று பாதிப் பெண்கள். செத்தவன் செத்தவன்தான், வைக்கக் கூடாது என்று மீதிப் பெண்கள். கடைசியில் போர் இருக்கும்வரை வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. போர் எவ்வளவோ பொட்டும் அவ்வளவு. பங்குனியில் பாவாயியின் நெற்றியில் பொட்டு காலணா அகலம் இருந்தது. வைகாசியில் துவரம்பருப்பு. ஆனி பிறந்தபோது கடுகு.

அதற்குள் ஊரே அவனைப் பொங்கியண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தாயிற்று. முதல் சட்டம் அதோடு போயிற்று.

போர் இடுப்பளவுக்கு இறங்கியதும் பாவாயி மிச்சம் பிடிக்கப் பார்த்தாள். கொறங்காட்டுக் காய்ந்த புல்லை அறுத்துப் போட்டால் எருது தின்றது. ஆனால் அன்றைக்குச் செருமவில்லை. படலை முட்டித் தள்ளிக்கொண்டு மாடு மாதிரி உள்ளே வந்தது, உப்பில்லாத தண்ணீரைக் குடித்தது. மறுநாள் அவன் போட்ட போரிலிருந்து ஒரு கட்டு உருவிப் போட்டதும் திரும்பி வந்தான், களைத்த முகத்தோடு. அவன் தட்டு உள்ளே இருந்தால்தான் அவன் உண்டு. இது தெரிந்தபிறகு அவள் ஒவ்வொரு கட்டையும் உருவும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் எங்களுக்கு மூன்றாவது சட்டம் நினைவுக்கு வந்தது. சாவு விழுந்த வீடு, வீட்டுக்கு ஒரு கட்டு. வறட்சியைச் சாக்கிட்டு யாரும் போடாமல் இருந்தோம். வெட்கப்பட்டு, இருந்ததில் ஆளுக்கொரு கட்டைத் தூக்கிக்கொண்டு இட்டேரி வழியே வரிசையாகப் போனோம். நல்ல மனசோடுதான் போனோம். இரண்டு பக்கமும் வேலி கட்டின அந்த வண்டிப்பாதையில் தலைச்சுமையோடு ஊரே நடந்து போனதைப் பார்த்தால் திருவிழா என்று நினைக்கத் தோன்றும். பாவாயி எல்லாவற்றையும் வாங்கி மிச்சமிருந்த போரோடு சேர்த்து அடுக்கி, நறுக்கி, உப்புத்தண்ணீர் தெளித்து, கலந்து போட்டாள். எருது தின்றது.

முதலில் பலன் தெரிந்தது சென்னியப்பனுக்கு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவன் அவன். அவன் பெண்டாட்டி அதற்காகவே தனி அறையில் படுப்பாள். அந்தப் பழக்கம் ஒரே நாளில் நின்றது. எருது பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அடுத்தாற்போல் தச்சு வேலை அருச்சாமிக்குப் பழைய இருமல் போனது. எருது இருமியது. குருநாதன் பெண்டாட்டி மாராத்தாளுக்கு ஒற்றைத் தலைவலி போனது. எருது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

இதைக் கேள்விப்பட்டதும் ஊருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. ஒரு கட்டுக்கு மேல் கொடுக்க முடியாதவர்களெல்லாம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு கொண்டுவந்தார்கள். கொண்டுவந்து போடும்போது, "பாவாயி, நாளைக்கு இத முதல்ல போடு, மூட்டுவலி தாங்க முடியல" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் முதுகுவலி போகட்டும் என்று ஒரு கட்டு போட்டேன். சொந்த மாடுகளுக்கு வைத்திருந்த தட்டெல்லாம் அந்தக் கட்டுத்தரைக்கே போயிற்று. எங்கள் மாடுகள் கொறங்காட்டு மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. எருது மலையாட்டம் வளர்ந்தது. அதன் நிழலில் நாலு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம். ஆடினார்கள்.

ஆனால் தட்டுக்கு நமக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியுமா? அது கையிலிருந்து வருவது, கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வரும். அருச்சாமிக்கு இருமலுக்குப் பின்னால் சீழ்க்கையும் போனது. இழைப்புளி தள்ளும்போது அவன் அடிக்கிற சீழ்க்கை கேட்டுத்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும். சென்னியப்பனுக்குக் கோபம் போனது. வெள்ளாடுகள் வேலி தாண்டி அவன் அவரைக்கொடியைக் கடித்தபோது கையைக் கட்டிக்கொண்டு சிரித்தமுகமாக நின்றான், கொடி முழுசும் போயிற்று. மாராத்தாளுக்குத் தாலாட்டுப் போனது. கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டு வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, வார்த்தையும் இல்லை, மெட்டும் இல்லை. குழந்தை அழுது அழுது நீலம் பாரித்தது. கடைசியில் பாவாயி வீட்டுக் கட்டுத்தரையில் எருதின் வயிற்றடியில் துணி விரித்துப் போட்டார்கள். எருது அசைபோட்டுக்கொண்டே மூக்கால் முனகியது. மாராத்தாளின் மெட்டுதான். குழந்தை தூங்கிற்று. அதற்கப்புறம் தினமும் அங்கேதான் தூங்க வைத்தாள். தான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, திரும்பக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

என் முதுகுவலி இன்னும் இருக்கிறது. எனக்குப் போனது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடி முழுக்கக் காற்றுதான் அடித்தது. ஆவணி பிறந்தபோது ஊரில் ஒரு வைக்கோல் இல்லை, ஒரு தட்டு இல்லை, கொறங்காட்டில் புல்லின் வேர்கூட இல்லை. பாவாயி வீட்டுப் போர் இருந்த இடத்தில் வட்டமாகத் தரை தெரிந்தது. அவள் நெற்றியில் ஊசி முனையளவு சிவப்பு இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒண்டியப்பன் தரகர் வந்தார். கணவாய்க்கு அந்தப் பக்கத்து வியாபாரிகளுக்கு மாடு பிடித்துத் தருகிறவர். வெற்றிலைக் குதப்பலை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு எருதைச் சுற்றி வந்தார், வாலடியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார், சதை கையைத் திருப்பித் தள்ளியது. "ஆத்தா, இப்படியொரு உருப்படி இந்தச் சீமையில கெடையாதுங். நாளைக்குக் காலைல லாரி அனுப்பறன். இன்னும் பத்து நாள் போச்சுன்னா சதை எறங்கிரும், அப்பறம் என்னையக் குத்தஞ் சொல்லக் கூடாது."

செய்தி பரவி ஊரே கட்டுத்தரைக்கு வந்துவிட்டது.

"நங்கையா," என்றான் சென்னியப்பன். அண்ணன் பெண்டாட்டியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அதுக்குள்ள எங்கண்ணன் இருக்கறான். லாரியேத்துவியா?"

"உன்ற கோவமும் இருக்குது தம்பி. அதுக்குத்தான இப்பத் துடிக்கறே?"

"கோவமிருந்தா இந்நேரம் உன்னைய அடிச்சிருப்பன்" என்றான் சென்னியப்பன், சிரித்த முகமாக. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மாராத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா, புள்ளை தூங்காதுக்கா. அது போனா புள்ளை தூங்கவே தூங்காது." அருச்சாமி எருதின் வாயருகே காதை வைத்து நின்றான். "எங்களுது எல்லாமே அதுக்குள்ள கெடக்குது. நீ ஒருத்தி எப்படி விக்கலாம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பூசாரி, கோயில் மாடாக நேர்ந்து விட்டுவிடலாம், பிரச்சினை தீர்ந்தது என்றார்.

பாவாயி எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு சொன்னாள்: "சரி, விக்கல. ஆளுக்கொரு கட்டுத் தட்டு கொண்டாங்க. இங்கயே நிக்கட்டும்."

யாரும் நகரவில்லை.

"அரைக் கட்டு?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தான். பூசாரி வானத்தைப் பார்த்தார். ஊர் என்றால் அவ்வளவுதான். பாசம் இருக்கும். தட்டு இருக்காது.

"நாலு நாளாப் பழைய பாயக் கிழிச்சுப் போட்டிருக்கறன்" என்றாள் பாவாயி. "நேத்து அவிய செருமுனது எனக்கே கேக்கல. இன்னுங் கொஞ்ச நாள்ல விலா தெரியும். அப்பறம் படுத்துக்கும். எந்திரிக்காது. நாம சுத்தி உக்காந்து பாத்துட்டு இருக்கோணும். அவிய ஒருக்காச் செத்தது போதும். பட்டினி கெடந்து மறுக்காச் சாவறத நான் பாக்க மாட்டன். தேறி நிக்கறப்பப் போகட்டும். இந்தக் கணக்கப் போட்டதே அவியதான். ஆவணிக்குள்ள அனுப்போணும், புரட்டாசிக்கு வெதைக்கோணும்னு தட்டு அறுக்கறப்பப் பூராச் சொல்லிட்டே இருந்தாங்க."

"அவனுக்கே தெரியாம ஏத்திரு" என்றான் ஒருவன். "இன்னைக்கி ஒண்ணும் போடாத. வெறும் மாடா இருக்கறப்பவே போயிரட்டும். அதுக்கென்ன தெரியப் போவுது?"

பாவாயி அவனைப் பார்த்தாள். பதில் சொல்லத் தகுந்தவன் இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது லாரி வந்தது. இட்டேரிக்குள் நுழைய முடியாமல் ஊர் முனையில் நின்றது. வியாபாரி இறங்கி வந்தார், எருதை அண்ணாந்து பார்த்தார். ஒண்டியப்பன் தோள் துண்டை எடுத்து உதறி வியாபாரியின் கைமேல் போட்டு, "ஆம்பளைங்க ஆராச்சும் கை குடுங்க" என்றார். எங்கள் பக்கம் விலை பேசுவது துண்டுக்கு அடியில்தான். இரண்டு கைகளும் துண்டுக்குள் போகும், விரல்கள் பேசும், வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சென்னியப்பன் கையை நீட்டினான். பாவாயி அவனைத் தள்ளிவிட்டுத் தன் கையைத் துண்டுக்குள் விட்டாள். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை துண்டுக்குள் கைவிட்டது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. வியாபாரி கையை வெளியே எடுத்து உதறிக்கொண்டார், தலையாட்டினார். விதைக்கும் கலப்பைக்கும் காணும் என்று மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மூலையில் சாத்தியிருந்த அந்தக் கட்டைத் தூக்கி வந்தாள். மாசியிலிருந்து அங்கேயே இருந்தது, தூசி ஏறி, கட்டுக் கலையாமல். அவன் கட்டியது, அவள் வீசாதது. அவிழ்த்து, நறுக்காமல், உப்புத்தண்ணீர் தெளித்து, கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். எருது மென்றது. மெல்ல மெல்ல அதன் பல் கடிப்பு நின்றது, இருமல் நின்றது, முனகல் நின்றது, மூடியிருந்த கண் திறந்தது. எங்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு அவன் ஒருத்தன் மட்டும் அங்கே நின்றான். தொண்டையைச் செருமினான். தெளிவாக, பழையபடி. சுற்றி நின்ற எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். லாரியைப் பார்த்தான். மேற்கே திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

"வருங்களா?" என்று கேட்டாள் பாவாயி. மழையைத்தான் கேட்டாள்.

அவன் அவள் தோளில் ஒருமுறை மூக்கை வைத்து எடுத்தான்.

விற்ற மாட்டின் கயிற்றை விற்கக் கூடாது. வியாபாரியின் ஆள் புதுக்கயிற்றோடு வந்தான். பாவாயி பழைய கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். போரின் உச்சியில் அவன் கையில் இருந்த கயிறு, நாங்கள் அவனைக் கட்டி இறக்கின கயிறு. பழையது கழன்று புதியது ஏறாத அந்த இடைவெளியில் அவன் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். அந்த உடம்போடு ஓடியிருந்தால் யாரால் பிடிக்க முடியும்? ஓடட்டும் என்று நான் நினைத்தேன். எல்லோரும் நினைத்தோம். அவன் திரும்பி, இட்டேரி வழியே, முன்னால் யாரும் இழுக்காமல் பின்னால் யாரும் அடிக்காமல், லாரியை நோக்கி நடந்தான். ஏறுவதற்குப் பலகை சாத்தியிருந்தது. ஏறினான். ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

லாரிக்குக் கூரையே இல்லை.

பாவாயி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. நாங்கள் கலைந்து போனோம். மாராத்தாளின் குழந்தை கொஞ்ச காலம் அழுதது. பிறகு அழுவதை விட்டுவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். குழந்தைகள் எதையும் பழகிவிடும். அருச்சாமி இழைப்புளி தள்ளுகிறான், மரம் கீறுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குப் போனது என் பேச்சு. அதற்கு முன்னால் நான் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் பேசுகிறவன், என்னைக் கண்டால் ஆட்கள் வேறு தெருவில் போவார்கள். இப்போது எனக்கு இவ்வளவுதான் வருகிறது.

அடுத்த சந்தையன்று ஒண்டியப்பன் வந்தார். வெற்றிலை போடவில்லை. பாவாயியின் படலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கல்யாணமாம், எருது முழுசும் அந்த விருந்துக்கே போயிற்றாம். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர்கள், பந்தலே போடாத திறந்த முற்றத்தில், குட்டைக்காரன் நெட்டைக்காரன் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்களாம். மாப்பிள்ளை ஒரு சீழ்க்கை அடித்தானாம், எங்கே கற்றாய் என்று கேட்டால் தெரியவில்லையாம். ஒரு கிழவர் எந்தக் காரணமும் இல்லாமல் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாராம்.

பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள். "சாப்பாட்டுல உப்புப் பத்துலைன்னு ஆராச்சும் சொன்னாங்களாமா?"

ஒண்டியப்பன் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "எல்லாருமே சொன்னாங்களாமுங், ஆத்தா."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். போரிலிருந்து இறக்கினபோது அழாதவள்.

புரட்டாசியில் கொஞ்சம் தூறியது. விதைத்தாள். சுமாராக விளைந்தது. தட்டு அறுத்தபோது ஊர் கூடி நாலாவதாக ஒரு சட்டம் போட்டோம்: சொந்தத் தட்டைச் சொந்த மாட்டுக்குப் போடாதே. இப்போது அறுப்பு முடிந்தால் எங்கள் தட்டு லாரியேறி எங்கோ போகிறது, எங்கிருந்தோ எவனோ அறுத்த தட்டு லாரியேறி இங்கே வருகிறது. எங்கள் கட்டுத்தரைகளில் மாடுகள் முன்பின் தெரியாதவர்களைப்போல இருமுகின்றன. ஒன்று சாயங்காலமானால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. ஒன்று படுப்பதற்கு முன் கிழக்கே திரும்பி முழங்காலிடுகிறது. நாங்கள் பார்ப்பதில்லை. தேறியதும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாட்டைக் கொடுக்கிறோம். முன்பின் தெரியாதவர்கள்தானே, சுலபமாகத்தான் இருக்கிறது.

பாவாயியும் தேற்றி விற்கிறாள், வேறு பிழைப்பு என்ன. ஆனால் எந்த மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாலும் முதலில் ஒரு கை உப்பு போடுவாள். போட்டுவிட்டு, "பத்துங்களா?" என்று கேட்பாள். பெரும்பாலும் மாடுகள் பேசாமல் குடிக்கும். சில மாடுகள் தலையை நிமிர்த்தி அவளையே பார்க்கும், எதையோ சொல்ல வருவதுபோல.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.